இரண்டு நுனியும் உள்ளே

முப்பத்திரண்டு வருடமாக நான் முன்பின் தெரியாதவர்களிடம் நான்கே வாக்கியங்களைச் சொல்லிப் பிழைத்து வருகிறேன். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ஆடாதீங்க. இப்ப விடுங்க. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் இதற்கு மேல் பேச வேண்டியதில்லை. நான் பேசுவேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றாமல் வந்து நின்றால் திட்டுவேன், தோளைச் சரியாக வைக்காவிட்டால் நானே பிடித்துத் திருப்புவேன். நெஞ்சுப் படம் என்றால் இரண்டு பக்க ஓரமும் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் அறையில் ஒரு நோட்டு உண்டு. படம் சரியில்லாமல் மறுபடி எடுக்க நேர்ந்தால் அதில் தேதி போட்டுக் காரணம் எழுத வேண்டும். காரணங்கள் மூன்றுதான்: ஆடியது, ஓரம் வெட்டு, மறைப்பு. அதற்கு ரிப்பீட் நோட்டு என்று பெயர். என் பெயருக்கு எதிரே வருடத்துக்குப் பத்து வரிகூட இருக்காது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஏறட்டும், சும்மா வந்ததில்லை அது.

லீவு நாட்களில் நான் பழைய விமானங்களைப் படம் எடுக்கிறேன். ஊர் ஊராக விமான அருங்காட்சியகங்களைத் தேடிப் போவேன். சிலர் பக்கவாட்டில் எடுப்பார்கள், சிலர் மூக்கை மட்டும் அழகாக எடுப்பார்கள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. நேர் எதிரே நின்று, நெஞ்சுப் படம் மாதிரி, இரண்டு இறக்கை நுனியும் உள்ளே வர எடுப்பேன். படத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது, ஒரு ஏணிகூடக் கூடாது. எதிரே இடம் இல்லையென்றால் கேமராவை மூடிக்கொண்டு வந்துவிடுவேன்.

கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவர் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். அவருக்கு விமானத்தின் மேல்பாதி கண்ணுக்கே தெரியாது. போனதும் குனிந்து சக்கரத்தைப் பார்க்கப் போய்விடுவார். நான் ஃபோகஸ் பண்ணி நிமிர்ந்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதுகு தெரியும். "என்னங்க, நகருங்க!" என்று கத்துவேன். நகர்ந்துவிடுவார். இருபத்தொரு வருடமாக இதே கதைதான்.

"கல்யாண ஃபோட்டோவுல மட்டும் என்னை நிக்க விட்டிருக்கே. அதுவே பெரிய புண்ணியம்," என்பார். அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது தும்பியின் கதைக்கு வருகிறேன். தும்பி என்பது நாங்கள் வைத்த பெயர். தபால் மூட்டைகளைச் சுமந்துகொண்டு பறந்த சின்ன விமானம். இரண்டு இன்ஜின், மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய நீள இறக்கை, வால் தரையில் உட்கார்ந்திருக்க மூக்கு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். மொத்தம் பதினான்குதான் செய்தார்கள். ஒன்பது விழுந்தும் எரிந்தும் போயின. மிச்சம் ஐந்தும் ஐந்து ஊர்களில் இருக்கின்றன. நான்கை எடுத்துவிட்டேன். ஆல்பத்தில் ஐந்தாவது பக்கம் ஆறு வருடமாகக் காலி.

ஐந்தாவது இருந்த இடத்துக்கு ஒரு ரயில், இரண்டு பஸ். மூன்று முறை போய் மூன்று முறையும் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பினோம். கூரை ஒழுகும் பழைய கொட்டகை அது. கூட்டமான பஸ்ஸில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் போல ஒரு விமானத்தின் இறக்கை இன்னொன்றின் முதுகுக்கு மேலே இருக்கும். தும்பியின் மூக்குக்கு நேரே ஒரு ஹெலிகாப்டர். நேர் எதிரே நிற்பதென்றால் அதன் வயிற்றுக்குள்தான் நிற்க வேண்டும். அதையும் கேட்டுப் பார்த்தேன், விடவில்லை.

அங்கே பட்டறையைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் நிதானம். எதற்கெடுத்தாலும் "நிதானமா பண்ணலாம்" என்பார். அவருக்கு நான் ஏழு கடிதம் போட்டிருந்தேன். ஏழுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது. கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். தும்பியின் இறக்கைகளைத் தாங்கும் நடுக்கட்டை உளுத்துவிட்டது. இறக்கைகளைக் கழற்றிவிட்டால் மறுபடி மாட்ட முடியாது. புதுக் கட்டடத்தில் உடம்பை மட்டும்தான் வைப்பார்கள். கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது: "வியாழக்கிழமை காலை முற்றத்துக்கு இழுத்து வருகிறோம். வந்தால் கிரேன் வருவதற்கு முன் ஒரு நிமிடம் தருவேன்."

ஒரு நிமிடம். அதற்குப் பிறகு முழுத் தும்பியாக அதை யாரும் பார்க்கப் போவதில்லை, நான் எடுக்கும் படத்தில் தவிர.

லீவு கேட்டபோது பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வியாழக்கிழமை கூட்டம் அதிகம்மா. வேற நாள் போகக் கூடாதா?"

"வேற நாள் போனா அது ரெண்டு துண்டா இருக்கும் சார்."

"எது?"

"சொன்னா உங்களுக்கு நேரமாயிடும். கையெழுத்தைப் போடுங்க."

போட்டார்.

வியாழக்கிழமை விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நாங்கள் முற்றத்தில் இருந்தோம். கொட்டகைக் கதவின் நடுவை அளந்து, நேர்கோடு பிடித்து, நாற்பது அடி வைத்து, சாக்பீஸால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மணல் மூட்டை வைத்தேன். ஹெலிகாப்டரை முந்தின நாளே அப்புறப்படுத்தியிருந்தார்கள். கதவு திறந்ததும் இருட்டுக்குள் இருந்து தும்பியின் மூக்கு என்னை நேராகப் பார்த்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம்.

நிதானம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பதறிக்கொண்டிருந்தார். வலது இறக்கைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. மகளுக்குப் பிரசவ வலி என்று ஃபோன் பண்ணியிருந்தார்.

"ஆள் இல்லாம இழுக்க முடியாது மேடம். கதவுக்கும் இறக்கைக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. இல்லேன்னா உள்ளயே இறக்கையைக் கழட்டிட வேண்டியதுதான்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பக்கத்தில் நின்றவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பிடிக்கிறேன் சார். பஸ்ஸைச் சந்துல விட்டு எடுத்த கை இது," என்றார் என் வீட்டுக்காரர்.

நிதானம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அழைத்துப் போனார். இறக்கை நுனிக்குக் கீழே ஒரு இரும்பு வளையம், அதில் கை நீளத்துக்கு ஒரு கயிறு. "அமுக்காதீங்க, இழுக்காதீங்க. மேல போக விடாமப் பிடிச்சா போதும். உள்ள இன்ஜின்கூட இல்ல, வெறும் கூடு. பஞ்சு மாதிரி." இடது இறக்கைக்கு அங்கே வேலை பார்க்கும் ஒல்லியான பெயிண்டர். வால் சக்கரத்தைத் திருப்ப ஒருவர். டிராக்டரில் ஒரு கனத்த மனிதர், பாதி சீட்டில்தான் அவர் உட்கார்ந்திருந்தார், மீதி வெளியே.

இழுத்தார்கள். நத்தை அதை முந்திக்கொண்டு போயிருக்கும். "வலது, எவ்வளவு இருக்கு?" என்று நிதானம் கேட்பார். "ஒன்றரை சாண்!" என்று என் வீட்டுக்காரர் கத்துவார். "இடது?" "அதேதான்!" என்பார் பெயிண்டர். நான் பெருக்கல் குறியை விட்டு அசையவில்லை. இறக்கைகள் கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்தபோது துணியின் மேல் இருந்த பழைய வெள்ளி வண்ணம் ஒரு நொடி கண்ணைக் கூசவைத்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் வியூஃபைண்டர் மங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

டிராக்டரைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். அப்போதுதான் காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை. என் பின்பக்கமிருந்து, தும்பியின் மூக்கை நோக்கி, விட்டு விட்டு வீசியது.

நிதானம் வானத்தைப் பார்த்தார். "மேடம், முதல்ல பீப்பாயில கயிறு கட்டிடலாம். அப்புறம் நிதானமா எடுங்க." முற்றத்தின் ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாய்கள் நான்கு தயாராக இருந்தன.

"கட்டினா பீப்பாயும் கயிறும் படத்துல வரும் சார். நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க, ஒரு நிமிஷம்னு."

"எழுதினப்ப காத்து இல்லயே."

"ஆறு வருஷம் சார். ஏழு லெட்டர். ஒரே ஒரு நிமிஷம்."

நான் கெஞ்சவில்லை, அதிகாரமாகவே சொன்னேன். நோயாளியைத் தோளைப் பிடித்துத் திருப்புகிற குரல் அது. அந்தக் குரலுக்குப் பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டார் என்றால் நிதானம் எந்த மூலைக்கு? அவர் கையைக் காட்டினார். வாலில் இருந்தவர் விலகினார். பெயிண்டர் கயிற்றை விட்டுவிட்டுக் கொட்டகைச் சுவர் வரைக்கும் போய் நின்றார்.

வலது நுனியில் மட்டும் ஒரு ஆள் நின்றது.

"என்னங்க, நகருங்க!"

"முடியாது."

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். "நகருங்கன்னா!"

"கயிறு இறுகுது. விட மாட்டேன். நீ கட்டச் சொல்லு முதல்ல."

இருபத்தொரு வருடமாகச் சொன்னதும் நகர்ந்தவர் இன்றைக்கா நகராமல் நிற்க வேண்டும்? கோபம் தலைக்கேறியது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். சரி, முதலில் அவரோடு சேர்த்தே ஒன்றை எடுத்துத் தொலைப்போம், பிறகு ஆளை விரட்டலாம் என்று குனிந்தேன்.

வியூஃபைண்டரில் தும்பி முழுதாக இருந்தது. நடுக்கோடு நேர். இடது நுனி உள்ளே, சுத்தமாக. வலது நுனி உள்ளே, அந்த மனுஷனோடு. வெளிச்சம் கேட்டு வாங்கியது மாதிரி. விரல் பட்டனின் மேல் இருந்தது.

இடது நுனி ஆடியது.

ஒரு விரற்கடைதான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. நான் முப்பத்திரண்டு வருடமாக மனிதர்கள் மூச்சை விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கியவள். ஆடினால் என் விரல் எழுந்துவிடும். நான் சொல்லி எழுவதில்லை, அதுவாக எழும். அன்றைக்கும் எழுந்தது. அரை நொடி அமுக்கியிருந்தால் என் ஐந்தாவது படம் எனக்குக் கிடைத்திருக்கும். பழக்கம் கையைக் கட்டிவிட்டது.

விரல் எழுந்த பிறகுதான் புத்தி வந்தது. நோயாளி ஆடவில்லை, இறக்கை எழும்புகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவரை விரட்டியது நான்.

"பிடிங்க! இடதைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. இடது சக்கரம் கட்டையை விட்டு நான்கு விரல் உயரத்துக்கு மேலே வந்திருந்தது. பெயிண்டர் சுவரிலிருந்து ஓடி வந்தார், ஆனால் எனக்குத்தான் தூரம் குறைவாக இருந்தது. நான் குதித்துக் கயிற்றைப் பிடித்தேன். அது என்னையும் சேர்த்துத் தூக்கியது. கால் தரையில் இல்லை. அதன் பிறகு, பெரிய மனது பண்ணி, இறங்கியது. சக்கரம் தரையில் உட்கார்ந்த சத்தம் என் பல்லில் கேட்டது.

"விடாதீங்க மேடம்! பீப்பாய் வருது!" நிதானமும் மற்ற இருவரும் பீப்பாயை உருட்டப் போனார்கள். நிறைந்த பீப்பாய் லேசில் நகராது. காற்று விட்டு விட்டு இழுத்தது. நான் ஒரு நுனியில், அவர் மறு நுனியில். நடுவே தும்பி.

"பயப்படாதே!" என்று அங்கிருந்து கத்தினார்.

"யாரு பயந்தா? கை நடுங்குது, அவ்வளவுதான்!"

"நான் சொல்றதைக் கேளு. மூச்சை நல்லா இழு! அப்படியே பிடி! ஆடாதே!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சொன்ன மாதிரியே மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

கேமரா பெருக்கல் குறியில் அநாதையாக நின்றது. அதன் பக்கத்தில் டிராக்டர்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "அம்மா, இதை அமுக்கட்டுமா? கறுப்பா இருக்கே, இந்தப் பட்டனா?" என்று கேட்டார்.

"எதையாவது அமுக்குங்க!" என்றேன்.

பீப்பாய்கள் வந்து கயிறுகள் கட்டி முடிந்தபோது என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நிதானத்திடம் போனேன். "சார், என் தப்பு. நான்தான் ஆளை விலகச் சொன்னேன்."

"விலகச் சொல்லிக் கையைக் காட்டினது நான்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு நிமிஷம் வேணுமா மேடம்?" என்று கேட்டார். நல்ல மனுஷன். பின்னால் கிரேன் உள்ளே வந்துகொண்டிருந்தது. காற்று நின்றபாடில்லை.

"வேண்டாம் சார். சீக்கிரம் கழட்டுங்க."

வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, முகம் இல்லை. மதியம் வரைக்கும் நின்று இறக்கைகள் இறங்குவதைப் பார்த்தோம். முதலில் வலது, பிறகு இடது. உள்ளே இருந்த கட்டையை நிதானம் விரலால் தொட்டுக் காட்டினார். மாவாக உதிர்ந்தது. இறக்கை இல்லாத தும்பி வெறும் மீன் மாதிரி இருந்தது. நான் அதைப் படம் எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் நான் உரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு அவர்தான் கேமராவை எடுத்து என் மடியில் வைத்தார். "பாரேன். அந்த ஆளு என்னதான் அமுக்கியிருக்கார்னு."

பதினொரு படங்கள். இரண்டில் வானம் மட்டும். மூன்றில் டிராக்டர்காரரின் கட்டை விரல். மணல் மூட்டை வைத்த ஸ்டாண்டை எப்படித்தான் அசைத்தாரோ, இன்னும் ஐந்தில் தும்பிக்கு ஒரு பக்கம் இல்லை. கடைசி ஒன்றில் முழுதும் இருந்தது. கொஞ்சம் சாய்ந்து, ஆனால் இரண்டு நுனியும் உள்ளே.

எக்ஸ்ரேயில் போலவே, தும்பியின் வலது படத்தின் இடது பக்கம் இருந்தது. அங்கே என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தார். ஆடாதே என்று சொல்லும் வாய். மறுபக்கம் நான், ஒற்றைச் செருப்போடு, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் தோள் ஒரு நுனியை மறைத்திருந்தது, என் தலை மறு நுனியை.

இருபத்தொரு வருடம், எத்தனையோ அருங்காட்சியகங்கள், நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். இந்த மனுஷன் இருக்கும் முதல் படம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றிலிருந்தும் அவரை நானே நகர்த்தியிருக்கிறேன், பெருமையாக, ஒன்றுவிடாமல். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன, ரிப்பீட்டா?" என்றார் மெதுவாக.

"ரெண்டு நுனியும் மறைஞ்சிருக்கு. எங்க ஆஸ்பத்திரியில இதைக் குப்பையில போட்டுட்டு மறுபடி நிக்க வைப்போம்."

"நிக்க வைக்கத் தும்பி இல்லயே."

"நீங்க இருக்கீங்கல்ல," என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கேமராவை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி போட்டு ஐந்தாவது பக்கத்தில் ஒட்டினேன். சாய்ந்திருந்ததை நேராக்கவில்லை. ரிப்பீட் நோட்டில் எழுதுவது போலவே கீழே தேதி போட்டேன். காரணம் என்ற இடத்தில் மறைப்பு என்று எழுதினேன். எதனால் மறைப்பு என்பதையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். வழக்கமாகச் சங்கிலி என்றோ பொத்தான் என்றோ எழுதுவேன். இதில், "நாங்கள் இரண்டு பேர், விடாமல் பிடித்திருந்ததால்" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.